கையெழுத்துக்கு முந்திய இருபது நிமிடம்

மீனைக் கூறு வைக்கத் தெரிந்த ஊரில் தத்துவம் பேசப் போகிறவர் கொஞ்சம் அடக்கமாகத்தான் போக வேண்டும். டாக்டர் ஹமீதாவுக்கு அது தெரியாது, பாவம். கடல் தாண்டித் தீவு நாட்டிலிருந்து ஒரு பெட்டி நிறையக் கருவிகளும் மூன்று நாள் பேசுவதற்கான குறிப்புகளுமாக வந்து இறங்கியிருந்தார். ஆற்றின் நடுவே இருக்கும் நடுத்திட்டில், பழைய மீன்வளத்துறைக் கட்டடத்தில், மேல்நாட்டார் ஒரு பக்கமும் கீழ்நாட்டார் ஒரு பக்கமுமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு வருஷச் சண்டைக்குப் பிறகு ஒரே கூரைக்குக் கீழே வந்து உட்கார்ந்ததே பெரிய காரியம்.

“நாட்டுச் சட்டம்னா வேற ஒண்ணும் இல்ல. நீ என்னைத் தொடாதே, நான் உன்னைத் தொடலன்னு எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கிட்ட பேச்சு. ஆனா எழுதுறவங்களுக்குத் தான் எந்தப் பக்கம்னு தெரிஞ்சிருந்தா தன் பக்கம் சாய்ச்சுத்தான் எழுதுவாங்க. அதனால, தான் யாருன்னே தெரியாத பன்னிரண்டு பேர் உட்கார்ந்து எழுதணும்” என்று அவர் தொடங்கினார்.

“நம்ம கூறு வைக்கிற மாதிரி” என்றார் கீழ்நாட்டுக் கூவளம் ஊரிலிருந்து வந்திருந்த ஆசீர்வாதம்.

எதிர்ப்பக்கத்தில் மேல்நாட்டாரும் தலையை ஆட்டினார்கள். இரண்டு நாட்டு ஆற்றங்கரையிலும் வழக்கம் ஒன்றுதான். கூட்டாகப் பிடித்த மீனைக் கரையில் கூறு கூறாகக் குவிப்பார்கள். ஒருவர் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். இன்னொருவர் ஒரு கூறின் மேல் குச்சியை நீட்டி “இது யாருக்கு?” என்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்லுவார். எந்தக் கூறு தனக்கு வரும் என்று குவிக்கிறவனுக்குத் தெரியாததால் எல்லாக் கூறும் ஒரே அளவாக இருக்கும். வாங்கியவன் முணுமுணுக்கவும் வழியில்லை. டாக்டர் ஹமீதா இதையெல்லாம் வாய் திறந்தபடி கேட்டுவிட்டு, குறிப்புகளைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தார். மூன்று நாள் பாடத்தைக் கால் மணி நேரத்தில் முடித்து அனுப்பிய பெருமையை இரண்டு நாட்டாரும் இன்றைக்கு வரைக்கும் விடுவதாக இல்லை.

அவர் கொண்டுவந்த கருவிக்குத் திரை என்று பெயர். சட்டைப் பொத்தான் அளவுதான். காதுக்குப் பின்னால் ஒட்டினால், ஒட்டியவருக்குத் தன் பெயர், ஊர், உறவு, வேலை, எந்த நாட்டுக்காரர் என்பதெல்லாம் மறந்துவிடும். பேச்சு மறக்காது. சமையல் மறக்காது. நாட்டில் என்னென்ன நடந்தது என்பதும் மறக்காது. அது தனக்கு நடந்ததா அடுத்தவருக்கு நடந்ததா என்பது மட்டும் தெரியாது. நாட்டுக்கு ஆறு பேர் வீதம் பன்னிரண்டு பேர் மூன்று வாரம் திரையோடு இருந்து ஒப்பந்தத்தை எழுத வேண்டும். பிறகு திரையை எடுத்துவிட்டு, மூன்று நாள் அவரவர் வீட்டில் இருந்துவிட்டு வந்து, தான் யார் என்று நன்றாகத் தெரிந்த நிலையில் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டில் ஒன்று குறைந்தாலும் ஒப்பந்தம் செல்லாது. சண்டை நிறுத்தமும் அன்றோடு முடிந்துவிடும்.

கீழ்நாட்டுக்கான ஆறு இடங்களில் ஒன்றைக் கூவளத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒதுக்காமல் இருக்க முடியாது. எட்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மேல்நாட்டு அணையின் ஏழு மதகுகளையும் யாரோ ஒரே நேரத்தில் திறந்துவிட, கூவளத்தின் கீழத்தெருக்கள் நான்கும் அறுநூற்றுப் பதினான்கு பேரோடு போயின. ஊருக்கு ஒதுக்கிய அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் அன்னபுஷ்பம். ஐம்பத்தோரு வயது. ஊர் மேட்டில் ரைஸ்மில் வைத்திருந்தாள். புருஷன் முன்பே நோயில் போய்விட்டான். வெள்ளத்தில் போனது ஒரே பையன் தவசீலன், பதின்மூன்று வயது. உடம்பு சுடுகிறது என்று அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாமல் கீழத்தெரு வீட்டில் படுத்திருந்தான்.

மதகைத் திறந்தவன் பெயர் வெளியே வர வேண்டும், அவன் தூக்கில் தொங்க வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான். அதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை. திரை போட்டுக்கொண்டால் அதையும் மறந்துவிடுவாயே என்று ஊரில் கேட்டதற்கு, மறந்தால் என்ன, கடைசியில் கையெழுத்துப் போடும் கை என் கைதானே என்றாள். ஒப்பந்தத்தில் தூக்கு இல்லை என்றால் போடமாட்டாள், அவ்வளவுதான் கதை.

மறைத்து வைத்தது வேறொன்று. மதகு திறப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் கூவளத்து எல்லையிலிருந்த சங்கு ஊத வேண்டும். அணையிலிருந்தே பொத்தானை அழுத்தி ஊதவைக்கும் பெரிய சங்கு அது. ஊதினோம், கீழ்நாட்டு ஜனங்கள்தான் மெத்தனமாக இருந்துவிட்டார்கள் என்று மேல்நாட்டு அரசாங்கம் அன்றிலிருந்து சாதித்துக்கொண்டிருந்தது. இல்லை என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. கேட்டிருக்கக்கூடியவர்கள் எல்லாரும் வெள்ளத்தோடு போய்விட்டார்கள். சங்குக் கம்பமும் போய்விட்டது. தப்பித்தவர்கள் சந்தைக்கும் தூரத்து வயலுக்கும் போனவர்கள். அன்னபுஷ்பமோ மில்லில், ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. சங்கு ஊதி, தான் கேட்காமல் போயிருந்தால்? மில்லிலிருந்து வீட்டுக்கு ஓடினால் ஐந்து நிமிடம். எட்டு வருஷமாக அவள் சோறு தின்னும்போதும் இதே நினைப்பு.

சித்திரை பிறந்த மறுநாள் பன்னிரண்டு பேருக்கும் திரை ஒட்டினார்கள்.

பெயர் மறந்தவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவது? நடுத்திட்டில் நின்ற மரங்களின் பெயரை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். அன்னபுஷ்பம் இலுப்பை ஆனாள். முதல் இரண்டு நாளும் எழுதுகிற வேலையே நடக்கவில்லை. தான் எந்த நாடு என்று கண்டுபிடிக்கிற வேலைதான் மும்முரமாக நடந்தது. கீழ்நாட்டார் சேற்றில் நிற்பவர்கள், பாதம் வெடித்திருக்கும் என்று ஒருவர் சொல்ல, பன்னிரண்டு பேரும் செருப்பைக் கழற்றிக் காட்டினார்கள். பன்னிரண்டு பேருக்கும் பாதம் வெடித்திருந்தது. மேல்நாட்டாருக்குக் குழம்பில் புளி கூடுதலாக வேண்டும் என்று இன்னொருவர் சொல்ல, அதையும் சமைத்துப் பார்த்தார்கள். எல்லாரும் இன்னும் கொஞ்சம் புளி ஊற்றியிருக்கலாம் என்றார்கள். பேச்சிலும் வித்தியாசம் இல்லை. பதினோரு வருஷம் இதற்காகவா சண்டை போட்டோம் என்று மூன்றாம் நாள் காலையில் யாரோ கேட்டார்கள். அதன் பிறகுதான் பேனாவை எடுத்தார்கள்.

வேலை செய்யும் முறை ஒன்றையும் அவர்களே வகுத்துக்கொண்டார்கள். ஒரு விதியின் மேல் வாக்குவாதம் நடந்து முடிந்தபின், தோற்றவர்தான் அதைத் தன் கையால் எழுத வேண்டும். ஜெயித்தவர் எழுதினால் கொஞ்சம் கொழுப்போடு எழுதிவிடுவார் என்று பயம். தோற்றவர் எழுதினால் எது எவ்வளவு வலிக்கும் என்று பார்த்து எழுதுவார்.

அன்னபுஷ்பத்துக்கு அந்த மூன்று வாரமும் நன்றாகவே போயிற்று. நன்றாகப் பசித்தது. படுத்ததும் தூக்கம் வந்தது. தனக்குப் பாட வரும் என்பதே ஒரு நாள் பாத்திரம் கழுவும்போதுதான் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த புங்கை என்பவரோடு அவளுக்கு எப்போதும் வாய்ச்சண்டைதான். அறுபதை நெருங்கிய மனிதர், நரைத்த மீசை. அவள் அண்ணாச்சி என்பாள், அவர் தங்கச்சி என்பார். தண்ணீர்ப் பங்கீட்டிலிருந்து காப்பியில் எவ்வளவு சர்க்கரை என்பது வரைக்கும் இருவரும் மல்லுக்கு நிற்பார்கள், பிறகு அவரே அவளுக்குக் காப்பி ஆற்றிக் கொடுப்பார்.

ஒன்பதாம் விதியில்தான் சண்டை உண்மையாக முற்றியது. போரில் நடந்த கொலைகளை என்ன செய்வது என்பது விஷயம். கூவளத்தைப் பற்றித்தான் பேச்சு. புங்கை மேஜையைத் தட்டினார்.

“அறுநூறு பேரைக் கொன்னவன் வந்து நின்னு, ஆமா நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, வீட்டுக்குப் போயி சோறு திங்கணுமாக்கும்? அவன் உசுரோட இருக்கக் கூடாது, தங்கச்சி.”

“அண்ணாச்சி, நாளைக்குத் திரையை எடுத்தா நான் அங்க பிள்ளையைப் பறிகொடுத்தவளா இருக்கலாம்” என்றாள் அவள். “அப்ப எனக்கு என்ன வேணும்? அவன் கழுத்தா? கழுத்து கிடைச்சிரும், கேள்வி அப்படியே கிடக்கும். என்ன நடந்துச்சுன்னு தெரியாமலே நான் செத்துப்போவேன். தூக்குக் கயித்தைக் கையில வச்சிக்கிட்டு உண்மையைச் சொல்லுன்னா எவன் வந்து சொல்லுவான்?”

“நீயே மதகைத் திறந்தவளா இருந்தா?”

“இருந்தா, வந்து சொல்லுவேன். சொல்லிட்டு அதே ஊருல, அதே ஜனங்க முகத்தைப் பாத்துக்கிட்டு இருப்பேன். அது லேசுன்னு நினைக்கீங்களா?”

புங்கை இரண்டு நாள் விடாமல் எதிர்த்தார். கடைசியில் மற்றப் பத்துப் பேரும் அவள் பக்கம் வர, தோற்றவர் என்ற முறையில் ஒன்பதாம் விதியை அவர்தான் எழுதினார். அதுவரை வெளிவராத உண்மையைத் தானே முன்வந்து பொதுவில் முழுவதும் சொல்கிறவரை, அந்தக் குற்றத்துக்காக யாரும் தண்டிக்கக் கூடாது, தொடவும் கூடாது. பிறர் வாயால் வெளிவந்ததற்கோ, முன்பே வெளிவந்துவிட்டதைத் திரும்பச் சொல்வதற்கோ இந்தக் காப்பு கிடையாது. எழுதி முடித்ததும் பேனாவை மேஜையில் வீசிவிட்டு அவர் எழுந்து போனதை அவள் பார்த்தாள். இந்த மனுஷன் நிச்சயம் கூவளத்துக்காரர்தான், யாரையோ பறிகொடுத்திருக்கிறார், பெயர் மறந்தாலும் ரத்தம் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

திரையை எடுக்கும் நாளில் ஒவ்வொருவரையும் தனி அறையில் உட்காரவைத்தார்கள். எல்லாம் ஒரே மூச்சில் திரும்பி வரும், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் ஹமீதா தன் கையை நீட்டினார். முதலில் தவிட்டு வாசனை வந்தது. பிறகு மில், தன் பெயர், வீட்டு வாசல். வீட்டுக்குள் ஒரு பையன் படுத்திருந்தான்.

“என் மகன் எங்க, டாக்டரம்மா?” என்றாள் அன்னபுஷ்பம் சந்தோஷமாக.

ஹமீதா பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை, அடுத்த நொடியில் அதுவும் திரும்பி வந்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு தடவை செத்தவன் அந்த நாற்காலியில் இன்னொரு தடவை செத்தான். அவள் டாக்டரின் கையை விடவே இல்லை. மூன்று வாரம் சிரித்தேனே, பாடினேனே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கருவியைக் கண்டுபிடித்தபோது இந்த ஒன்றை யோசிக்கவில்லை என்று ஹமீதா பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார்.

ஒப்பந்தம் அச்சாகி அவளுக்கு முன்பே கூவளம் வந்து சேர்ந்திருந்தது. ஒன்பதாம் விதியைப் படித்த ஊர், எந்தப் பாவி இதைக் கொண்டுவந்தது என்று கொதித்துக்கொண்டிருந்தது. நான்தான் என்றாள் அன்னபுஷ்பம். பொய் சொல்லிப் பழக்கமில்லை. கூடி நின்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆசீர்வாதம் அவள் புருஷனுடைய அண்ணன். அவள் அத்தான் என்று கூப்பிடுவாள். மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவர். மறுநாள்தான் வந்து வாசலில் நின்றார். நீ போடவில்லை என்றாலும் ஒன்றும் சொல்லமாட்டோம், போட்டாலும் ஒன்றும் சொல்லமாட்டோம், ஆனால் அன்றைக்கு ஊரோடு வந்து நிற்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். இலுப்பை பேசியதெல்லாம் நியாயம்தான். ஆனால் இலுப்பைக்குப் பிள்ளை கிடையாது. பிள்ளை இல்லாதவள் எழுதிவைத்ததைப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதற்காக ஒத்துக்கொள்ள வேண்டும்? போடுவதில்லை என்று முடிவு செய்தாள். சண்டை திரும்ப மூளும் என்று தெரியும். பழி தன் தலையில் விழும் என்றும் தெரியும். ஒரு துணை இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியபோது புங்கை அண்ணாச்சி நினைவுக்கு வந்தார். அவரும் போடமாட்டார் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு நடுத்திட்டில் கூட்டம். கூவளத்திலிருந்து நான்கு படகு ஜனம் வந்து, கட்டடத்து முற்றத்தில் துடுப்பும் கையுமாக நின்றது. உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள். புங்கையைக் காணவில்லை. வந்துவிட்டார், பின்பக்கம் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே வரமாட்டேன் என்கிறார் என்றார்கள். அன்னபுஷ்பம் எழுந்து பின்னால் போனாள்.

அவர் முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு படி தள்ளி உட்கார்ந்து, தன் பெயரையும் ஊரையும் மகன் கதையையும் சொல்லி, இருவரும் சேர்ந்தே மாட்டோம் என்று சொல்லிவிடுவோம் என்றாள். நீங்கள் எந்தத் தெரு, யாரைப் பறிகொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

“நான் மேல்நாடு, தங்கச்சி. பேரு வீரபாகு” என்றார் அவர். “அணையில மதகு ஆபரேட்டர். அந்த வியாழக்கிழமை டூட்டி என்னோடது.”

அன்னபுஷ்பத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது இன்னும் ஒரு படி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

அவர் நிறுத்தாமல் சொன்னார். மூன்று வாரமாவது மறந்திருக்கலாம் என்றுதான் அவராகப் பெயர் கொடுத்து வந்தாராம். மறக்கவும் மறந்தார். ஆனால் மறந்தபின் அவரே உட்கார்ந்து மதகைத் திறந்தவனுக்குத் தூக்குக் கேட்டார். ஒரு பக்கமும் சாயாத மனசு சொன்ன தீர்ப்பு அது, அதுதான் சரி. ஒன்பதாம் விதி இருக்கிற தாளில் கையெழுத்துப் போட்டால் தன்னைத் தானே விடுதலை செய்துகொண்ட மாதிரி ஆகும், அதனால் போடமாட்டேன் என்றார். மாட்டேன் என்பதில் இருவரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

அவளுக்கு அப்போது கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

“சங்கு ஊதிச்சா?”

“இல்ல.”

“கெட்டுப்போயிருந்துச்சா?”

“நல்லாத்தான் இருந்துச்சு. என் கை அதுமேலதான் இருந்துச்சு. கீழ்நாட்டு ஆளுங்க தப்பிச்சிருவாங்க, ஊதாதேன்னு மேலேருந்து உத்தரவு. கையை எடுத்துட்டேன். நாலு பத்துக்கு மதகைத் திறந்தேன்.”

அன்னபுஷ்பம் கைப்பிடிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஊதவே இல்லை. அவள் கேட்காமல் போகவில்லை. மில் சத்தம் குற்றமில்லை, அவள் குற்றமில்லை. எட்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை எடுத்துப் போட்டது இந்த மனிதன், அதை வைத்தவனும் இந்த மனிதன். அவளுக்கு அவன் கழுத்தை நெரிக்க வேண்டும்போலவும் இருந்தது, உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும்போலவும் இருந்தது. கழுத்து கிடைக்கும், கேள்வி அப்படியே கிடக்கும் என்று சொன்ன இலுப்பை யார் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. பிள்ளை இல்லாத எவளோ இல்லை, அது அவளேதான். தன் பெயர் தெரியாதபோதுகூடத் தனக்கு எது வேண்டும் என்று தனக்குத் தெரிந்திருக்கிறதே என்று, அந்த நிலையிலும் அவளுக்குத் தன்மேலேயே ஒரு பெருமை வந்தது.

“போயி முன்னால நிக்கிறவங்ககிட்ட இதைச் சொல்லும்” என்றாள். அண்ணாச்சி என்று அவளுக்கு வாயில் வரவில்லை.

“இப்பவா? இன்னும் கையெழுத்து ஆகலியே. காப்பு கிடையாதே.”

“கிடையாதுதான். நீரு சொன்னாத்தான் நான் போடுவேன். நான் போட்டாத்தான் உமக்குக் காப்பு. யாராவது ஒருத்தர் முந்தணும்லா?”

வீரபாகு எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கட்டடத்தைச் சுற்றி முன்பக்கம் நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். தடுக்கவா, பார்க்கவா என்று அவளுக்கே தெரியாது.

பதினொன்று பத்துக்கு அவர் முற்றத்தில் நின்று பேசத் தொடங்கியதை டாக்டர் ஹமீதா ஜன்னலிலிருந்து பார்த்தார், கைக்கடிகாரத்தையும் பார்த்தார். வீரபாகு பெயரைச் சொன்னார், வேலையைச் சொன்னார், சங்கைச் சொன்னார், யார் உத்தரவிட்டார்கள் என்பதையும் பெயர் பெயராகச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அடி விழுந்திருக்கும் என்று அங்கே நின்ற பலர் பிறகு சொன்னார்கள். முற்றத்தில் நின்ற எண்பது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீரபாகுவோடு வந்திருந்த அணை வேலைக்காரர்கள் இரண்டு பேர் தூரத்தில் நின்று பார்த்தார்கள், கிட்டே வரவில்லை. சட்டம் என்று ஒன்று அந்த நேரத்தில் எந்தக் கரையிலும் இல்லை. பழையது போய்விட்டது, புதியது மேஜைமேல் வெறும் தாளாகக் கிடந்தது.

“ஊதியிருந்தா எவ்வளவு நேரம் கிடைச்சிருக்கும்?” என்று ஆசீர்வாதம் கேட்டார்.

“அரை மணி நேரம்.”

“பத்து நிமிஷம் போதும்யா” என்றார் ஆசீர்வாதம். கீழத்தெருவிலிருந்து மேட்டுக்கு நடக்க ஆகும் நேரம் அது. அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒரு பெண் நெஞ்சில் அறைந்துகொண்டு தரையில் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து ஒருவன் துடுப்பைத் தலைக்குமேல் ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தான். அன்னபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள்.

துடுப்பு விழுகிற சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது ஆசீர்வாதம் வீரபாகுவுக்கு முதுகைக் காட்டி, தன் ஊர்க்காரர்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் கண்ணீர். அவர் அந்தத் துடுப்பைத் தொடவும் இல்லை, கத்தவும் இல்லை.

“வழி விடுங்க. அவரு உள்ள போகணும்” என்றார்.

கூவளம் வழி விட்டது. ஓங்கியவன் துடுப்பைக் கீழே இறக்கினான். எண்பது பேரும் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்க, அறுநூற்றுப் பதினான்கு பேரைக் கொன்ற மனிதர் நடுவே நடந்து உள்ளே போனார். அவர் சட்டை நுனியைக்கூட யாரும் தொடவில்லை. அன்னபுஷ்பத்துக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் என் பிள்ளை என்று நினைத்தாள்.

உள்ளே பதினோரு கையெழுத்துகள் வரிசையாக விழுந்தன. வீரபாகுவும் போட்டார். பேனா அன்னபுஷ்பத்திடம் வந்தபோது, மேல்நாட்டு வக்கீல் திருமலைநம்பி, மூன்று வாரம் நாவல் என்ற பெயரில் இருந்தவர், தொண்டையைக் கனைத்தார். யோக்கியமான மனிதர், அதனால்தான் தொல்லை.

தாளின் கடைசி வரியில், பன்னிரண்டாவது கையெழுத்து விழும் நேரத்திலிருந்து ஒப்பந்தம் நடப்புக்கு வரும் என்று எழுதி, நேரத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. இப்போது மணி பதினொன்று முப்பது. வீரபாகு பேசியது அதற்கு முன்னால். அப்போது ஒன்பதாம் விதி இல்லை. இனி அவர் திரும்பச் சொன்னாலும் அது முன்பே வெளிவந்த உண்மை. ஆகவே சட்டப்படி அவருக்குக் காப்பு கிடையாது, யாரும் வழக்குப் போட்டு அவரைத் தூக்குக்கு அனுப்பலாம். நேரத்தை மாற்ற வேண்டுமானால் பன்னிரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் போதும், உள்ளபடியே இருக்கும். இதை அவர் மறைக்காமல் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மற்றப் பதினோரு பேரில் வீரபாகு மட்டும் மாற்ற வேண்டாம் என்றார். தன் காரியத்தில் தானே வாக்குச் சொல்லக் கூடாது என்று மற்றவர்கள் அவரை ஒதுக்கிவிட்டார்கள். மீதிப் பத்துப் பேரும் மாற்றலாம் என்றார்கள். அதன்பின் எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

அன்னபுஷ்பம் பேனாவை அந்த வெற்றிடத்துக்கு மேலே கொண்டுபோனாள். எட்டு வருஷமாகக் கேட்டது கேட்டபடி கையில் வந்து நின்றது. பதினொன்று முப்பது என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும். நாட்டுக்குச் சமாதானமும் கிடைக்கும், அவளுக்கு அந்தக் கழுத்தும் கிடைக்கும். பொய்யும் இல்லை, சூதும் இல்லை. கடிகாரம் காட்டுவதை எழுதினாள் என்று யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. தவசீலனை நினைத்தாள். அவனுக்காக இதை எழுதலாம் என்றுதான் மனசு சொன்னது, விடாமல் சொன்னது.

வெளியே முற்றத்தில் ஜனம் இன்னும் இரண்டு பக்கமாகப் பிரிந்தே நின்றது. அவர் உள்ளே போய் இவ்வளவு நேரமாகியும் யாருக்கும் திரும்பச் சேர்ந்து நிற்கத் தோன்றவில்லை. ஆசீர்வாதம் அந்த இடைவெளியின் முனையில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்து, டாக்டர் ஹமீதாவிடம் வீரபாகு பேசத் தொடங்கிய நேரத்தைக் கேட்டு, பதினொன்று பத்து என்று தெளிவாக எழுதினாள். அதன் கீழே தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து விழுவதற்கு இருபது நிமிடம் முன்பே நடப்புக்கு வந்த சட்டம் உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று டாக்டர் ஹமீதா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாராம். தேடட்டும்.

வீரபாகு எழுந்து கையைக் கூப்பினார். பேச வாயெடுத்தவரை அன்னபுஷ்பம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“உமக்காகச் செஞ்சேன்னு நினைச்சிர வேண்டாம். சட்டம்னு ஒண்ணு இல்லாதப்பவே எங்க ஊர்க்காரங்க உமக்கு வழி விட்டாங்க. அது எழுத்துல இருக்கணும்.”